“சொன்னேன், யாரும் கேக்கல”

கல்வராயன் மலையிலிருந்து விழுப்புரம் மகளிர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) வழக்கில் சிறுமியின் தரப்பில் நின்றேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகாத காலம் அது. பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டக் கூடாது என்பது சட்டம்; எனவே ஊரையும் ஆண்டையும் தவிர்க்கிறேன்.

பெற்றோர் குடகுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். சிறுமி ஆயாவிடம் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் தொலைவு, பேருந்து அரிது. பைக் வைத்திருந்த உறவுக்காரர் ஒருவர் அவளை ஏற்றிப்போய் இறக்கிவிட்டார். ஆயாவுக்கு அரிசியும் மருந்தும் வாங்கித் தந்தார். ஊரே அவரை நல்லவர் என்றது. அந்த நல்ல பெயர்தான் அவருக்குத் துணை நின்றது.

பள்ளி விட்டும் வீட்டுக்குப் போகாமல் அவள் உட்கார்ந்திருப்பதைச் சத்துணவு சமையலர் கவனித்தார். தனியே அழைத்து, மிரட்டாமல் விசாரித்தார். அன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்தார். ஊர்ப் பெரியவர்கள் தண்டம் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். இதில் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று எடுத்துச் சொன்னேன்.

சாட்சியத்தின்போது குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படாதபடி ஏற்பாடு செய்தார்கள். போக்சோவில் வழக்கறிஞர்கள் குழந்தையை நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். ‘ஏன் இத்தனை மாதம் சொல்லவில்லை?’ என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. அவள் சொன்னாள்: “சொன்னேன், யாரும் கேக்கல. பைக்ல போக மாட்டேன்னு ஆயாகிட்ட அழுதேன். வயித்த வலிக்குதுன்னு டீச்சர்கிட்ட தெனமும் சொன்னேன்.”

குற்றம் நிரூபணமாகித் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்தப் பதில்தான் வழக்கின் சாரம். நடந்ததைப் பெயரிட்டுச் சொல்லக் குழந்தைக்கு வார்த்தை இருக்காது. அழுகை, வயிற்று வலி, ஒருவரோடு போக மறுப்பது என்று வேறு வழிகளில் சொல்லும். அப்போது பக்கத்தில் இருப்பவர் நிதானமாகக் கேட்க வேண்டும்.

கேட்டால் மட்டும் போதாது, தெரிந்ததைத் தெரிவிக்கவும் வேண்டும். மகாராஷ்டிரத்தின் ராஜுராவில் ஒரு பள்ளி விடுதியில் பழங்குடிச் சிறுமிகள் 17 பேர் பாதிக்கப்பட்டார்கள். தெரிந்தும் தகவல் தரவில்லை என்று மருத்துவர் ஒருவர் மீது பதிவான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது. போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதற்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு.

19-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே தகவல் தரச் சொல்கிறது. என் பார்வையில் தடுப்புக்கான வாசல் இதுதான். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது வழக்குத் தொடர முடியாது என்றும் அதே பிரிவு உறுதி தருகிறது.

சட்டம் மட்டும் போதாது. கல்வராயன் மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலையும் பேருந்தும் கேட்பது குழந்தைப் பாதுகாப்பைக் கேட்பதும்தான். பள்ளி நேரத்துக்குப் பேருந்து வந்தால், எந்தக் குழந்தையும் ஒருவரின் பைக்கை நம்பி நிற்க வேண்டியதில்லை. பெற்றோர் வெளியூர் போன வீடுகளின் பிள்ளைகளை அங்கன்வாடிப் பணியாளரும் ஆசிரியரும் தனிக்கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகம் வந்தால் ஆதாரம் தேடி அலையாதீர்கள். அது போலீஸின் வேலை. அந்தச் சமையலர் செய்ததைப் போல, அன்றைக்கே 1098-க்குப் போன் செய்யுங்கள்.