ஹெரால்டுக்கு ஏத்த டயர்

திருக்கடையூர் சன்னதித் தெருவில், அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த இன்னோவாக்களுக்கு நடுவே ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-இல் கொண்டுவந்த வண்டி.

பெயின்ட், குரோம் எல்லாம் பளபள. டயர் மட்டும் தடித்த ரேடியல்! மனசு கேட்கவில்லை. பழைய சைஸ் டயரே போடலாமே என்றேன். "அந்த சைஸ் எங்க சார் கிடைக்குது?" என்றார் வண்டிக்காரர்.

அதற்குரியது 5.20-13. ஒல்லியாக, உயரமாக இருக்கும். உள்ளே நூலடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடும். ரேடியலில் அவை நேர்க்குறுக்காக ஓடும்; மேலே ஸ்டீல் பெல்ட் வரும். பழைய டயரே வேண்டும் என்பது அழகுக்காக மட்டும் சொல்வதல்ல. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் அகல டயர் போட்டால் திருப்பும்போது தோள் வலிக்கும். உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் கணக்கும் தப்பும்.

அமெரிக்காவில் பழைய வண்டிகளுக்கு டயர் தரும் கோக்கர் டயர் கம்பெனி 1958 முதல் இருக்கிறது. பிரெல்லி, மிஷ்லின்கூடப் பழைய வடிவத்தைப் புது ரப்பரில் வார்த்துத் தருகிறார்கள். 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். டயருக்கு வந்ததும் ஹெரால்டு வந்த அதே 1961-இல்தான். நம்மூரிலும் யாராவது வருஷத்துக்கு ஒரு சின்ன லாட் போடலாமே!

பழைய ஸ்டாக் கிடைத்தால் பட்டனை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2312 என்றால் 2012-இன் 23-ஆம் வாரம் தயாரானது. வெடிப்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள்.