அந்த சாப்டரை நான் ஸ்கிப் பண்ணியிருந்தேன்

முதல்லயே ரெண்டு விஷயம் சொல்லிடறேன். ஒண்ணு, இது நான் தமிழ்ல எழுதுற முதல் கட்டுரை. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம், அதனால ல, ள, ழ தப்பு இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க. ரெண்டு, இதுல ஸ்பாய்லர் இருக்கு. ஆனா நான் பேசப்போற மூணு புத்தகத்துல கடைசி புத்தகம் வந்ததே 1993-ல. நம்ம யாரும் அப்போ பிறக்கவே இல்ல, அதனால மன்னிச்சுக்கோங்க.

புத்தகம் எதுன்னா, டிமோத்தி ஸான் எழுதின 'ஏர் டு தி எம்பயர்'. ஸ்டார் வார்ஸ் நாவல். அதோட தொடர்ச்சியா வந்த ரெண்டையும் சேர்த்து 'த்ரான் ட்ரைலஜி'ன்னு சொல்லுவாங்க. படத்தை வச்சு எழுதற நாவல்னாலே பலருக்கு இளக்காரம்தான். படம் ஓடுச்சு, அந்தப் பேரை வச்சு பொம்மை வித்தாங்க, டிபன் பாக்ஸ் வித்தாங்க, அப்படியே ஒரு புக்கும் வித்தாங்கன்னு நினைப்போம். ஆனா இது வந்த நேரம் வேற. 1983-ல மூணாவது படம் முடிஞ்சப்புறம் புதுப் படம் எதுவும் வரல. 1991-ல இந்த நாவல் வந்ததும் நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் லிஸ்ட்ல முதல் இடத்துக்குப் போச்சு. படம் முடிஞ்சு அஞ்சு வருஷம் கழிச்சு லூக், லேயா, ஹான் எல்லாம் என்ன பண்றாங்கங்கறதுதான் கதை. பின்னாடி வந்த படங்கள்ல தலைநகரமா வர்ற கொரஸான்ட் கிரகத்துக்கு அந்தப் பேரை வச்சதே இந்த நாவல்தான்.

செகண்ட் இயர்ல பழைய புத்தகக் கடையில மூணும் சேர்ந்து கிடைச்சுது. அட்டை கிழிஞ்சு, ஓரமெல்லாம் மஞ்சளாகி இருந்துச்சு. வாங்கி நாலே நாள்ல முடிச்சேன். எனக்கு எல்லாமே த்ரான்தான். நீலத் தோல், சிவப்புக் கண்ணு, கத்தவே மாட்டான். எதிரி இனத்தோட ஓவியத்தையும் சிற்பத்தையும் உக்காந்து பார்ப்பான். அவங்க எப்படி யோசிப்பாங்க, எதைக் கண்டா தடுமாறுவாங்கன்னு அதுலேருந்தே கண்டுபிடிச்சு அடிப்பான். முதல் புத்தகத்தோட ஆரம்பத்துலயே எலோமின்னு ஒரு இனத்தை அப்படித்தான் முடிப்பான். ஒழுங்கு இல்லாம வர்ற தாக்குதலை அவங்களால சமாளிக்க முடியாதுன்னு அவனுக்கு முன்னாடியே தெரியும். நான் அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து நடந்தேன்.

ஹாஸ்டல்ல எங்க செட்டுல இதைப் பத்திப் பேச ஒரே ஒருத்தன்தான் இருந்தான், பக்கத்து ரூம் ஈசிஇ பையன். அவன் ஸ்டார் வார்ஸ்ல வந்த சீரிஸ் எல்லாம் பார்த்தவன், ஆனா நாவல் மட்டும் தொட மாட்டான். "அது கேனனே இல்லடா. 2014-லயே தூக்கிட்டாங்க"ன்னு சொல்லுவான். அவன் சொல்றது உண்மைதான். 2012-ல டிஸ்னி லூகாஸ்ஃபிலிமை வாங்குச்சு. 2014 ஏப்ரல்ல, அதுவரைக்கும் வந்த நாவல், காமிக்ஸ் எல்லாத்துக்கும் 'லெஜண்ட்ஸ்'னு பேர் வச்சு, புதுக் கதைங்க இதைப் பின்பற்றாதுன்னு அறிவிச்சாங்க. புரியற மாதிரி சொன்னா, அதெல்லாம் கட்டுக்கதை, நிஜமா நடக்கல. கட்டுக்கதைக்குள்ள எது கட்டுக்கதைன்னு ஒரு கம்பெனி சொல்லுது, நாங்க அதை வச்சு மாடியில ஒரு மணி நேரம் சண்டை போடுவோம். 2016-ல த்ரானை மட்டும் 'ரெபல்ஸ்' அனிமேஷன்ல திரும்பக் கொண்டு வந்தாங்க. அதை நான் சொன்னா அவன், "ஆமா, அதான் ஒரிஜினல் த்ரான்"னுவான். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

இதெல்லாம் என் ரூம்மேட் கட்டில்ல படுத்துக்கிட்டே கேட்டுட்டு இருப்பான். பேர் போட வேண்டாம்னு சொன்னதால போடல. விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 7.5 சதவீத ஒதுக்கீட்டுல இங்க சீட் கிடைச்சவன். மேத்ஸ்ல எங்க எல்லாரையும் விட மேல. இங்கிலீஷ்ல பேசச் சொன்னா மட்டும் வாய் வராது.

போன வருஷம் ஸ்டடி ஹாலிடேஸ்ல ஒரு நாள் கேட்டான், "நீங்க அடிச்சுக்கற அந்த புக்கைக் குடேன், படிச்சுப் பாக்குறேன். பிளேஸ்மென்ட்டுக்கு இங்கிலீஷும் வரும்ல."

நான் என்ன சொன்னேன்னு நல்லா ஞாபகம் இருக்கு. "டேய், அது உனக்குக் கஷ்டம்டா. முதல்ல ஈஸியா ஏதாவது படி."

அவன் ஒண்ணும் சொல்லல. நான் ஊருக்குப் போயிட்டு வந்தப்போ முதல் புத்தகத்துல அம்பது பக்கம் தாண்டியிருந்தான். மொபைல்ல டிக்‌ஷனரி, கையில பென்சில். ஒவ்வொரு பக்கத்து ஓரத்துலயும் பொடி எழுத்துல தமிழ்ல அர்த்தம். நான் அதைப் பாத்துட்டு, "என் புக்குல கிறுக்காதடா"ன்னேன். அன்னைக்கு ராத்திரியே உக்காந்து அம்பது பக்கத்தையும் ரப்பரால அழிச்சான். அதுக்கப்புறம் ஒரு ரஃப் நோட்டுல எழுதினான்.

மூணு புத்தகத்துக்கும் ரெண்டரை மாசம் ஆச்சு. நடுநடுவுல ஜோக் அடிப்பான். மூணாவது புத்தகத்துல, லூக் இழந்த கையை வச்சு ஒரு க்ளோன் பண்ணுவாங்க. அந்த க்ளோனுக்குப் பேர் லூக்தான், ஆனா ஒரு 'யு' எக்ஸ்ட்ரா. ஃபேன்ஸ் இன்னைக்கு வரைக்கும் சிரிக்கிற விஷயம் அது. இவன் சொன்னான், "டேய், இது அளபெடைடா. லூஉக்." எனக்குப் புரியல. அளபெடைன்னா என்னன்னு அவன் விளக்கினதும் ஈசிஇ பையனும் நானும் அரை மணி நேரம் சிரிச்சோம்.

படிச்சு முடிச்ச அன்னைக்கு மாடியில மூணு பேரும் உக்காந்தோம். நான் ஆர்வமா கேட்டேன், "த்ரான் எப்படி?"

"திறமைசாலிதான். ஆனா எனக்கு அந்த நோக்ரி ஆளுங்க கதைதான் பிடிச்சுது"ன்னான்.

எனக்கு ஒரு நிமிஷம் யாருன்னே ஞாபகம் வரல. நோக்ரிங்கறது குள்ளமா, சாம்பல் நிறத்துல இருக்கற ஒரு இனம். எம்பயருக்காகக் கொலை பண்றவங்க. த்ரானோட பாடிகார்டு ருக் அந்த இனம்தான். ரெண்டாவது புத்தகத்துல லேயா அவங்க கிரகமான ஹோனோகருக்குப் போவா. ஸ்பேஸ் ஃபைட் இல்லாத அத்தியாயங்கள்ங்கறதால நான் மேலோட்டமா புரட்டிட்டுப் போயிருந்தேன்.

அவன்தான் எங்களுக்குச் சொன்னான். எங்கயோ நடந்த போர்ல ஒரு கப்பல் அந்தக் கிரகத்து மேல விழுந்து மண்ணெல்லாம் விஷமாயிடும். எம்பயர் உதவிக்கு வரும். ரோபோ அனுப்பி மண்ணைச் சுத்தம் பண்ணித் தர்றோம், பதிலுக்கு உங்க பசங்க எங்களுக்கு வேலை செய்யணும்னு ஒப்பந்தம். அந்த ரோபோக்கள் வருஷக்கணக்கா சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்கும். வேலை முடியவே முடியாது. ஏன்னா முடியக் கூடாதுன்னுதான் செட் பண்ணியிருக்காங்க. தலைமுறை தலைமுறையா அந்த ஜனங்க நன்றிக்கடன்னு நினைச்சுச் செத்துக்கிட்டு இருப்பாங்க. லேயாதான் அந்த ஏமாத்து வேலையைக் கண்டுபிடிச்சு அவங்ககிட்ட சொல்லுவா.

சொல்லி முடிச்சுட்டு, "இது சூளை அட்வான்ஸ்டா"ன்னான்.

எங்களுக்குப் புரியல.

"செங்கல் சூளைக்கு சீசனுக்கு முன்னாடி அட்வான்ஸ் குடுப்பாங்க. கல்யாணம், ஆஸ்பத்திரின்னு வாங்கிடுவோம். குடும்பமா போய் ஆறு மாசம் கல்லு அறுக்கணும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு கூலி. வாரா வாரம் சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் தருவாங்க, அதையும் கழிச்சுக்குவாங்க. மழை பெஞ்சு பச்சைக் கல்லு கரைஞ்சா அது நம்ம கணக்கு. கடைசியில நோட்டைப் பார்த்தா பாக்கி இருக்கும். அந்தப் பாக்கிக்காக அடுத்த வருஷமும் போகணும். நோட்டு நம்மகிட்ட இருக்காது, மேஸ்திரிகிட்டதான் இருக்கும். நான் மூணாவது பாதி படிக்கல, அங்கதான் இருந்தேன். கல்லைத் திருப்பிப் போடுறது என் வேலை."

யாரும் பேசல. அவனே தொடர்ந்தான். "கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லயே வந்துடுச்சு. நான் பொறந்தது 2004. கடைசியில மாமா நிலத்தை அடமானம் வச்சுத்தான் எங்களை வெளிய கொண்டு வந்தாரு. அந்த லேயா வந்து 'இது முடியவே முடியாத கணக்கு'ன்னு சொல்ற இடம் இருக்குல்ல, அதை நாலு வாட்டி படிச்சேன். எங்கப்பாவுக்கு யாருமே அப்படி உக்காந்து கணக்கு போட்டுக் காட்டல."

ஈசிஇ பையன் மெதுவா, "ரெபல்ஸ்ல ருக் வருவான். ஆனா இந்த ஹோனோகர் கதை அதுல இல்ல"ன்னான். அப்புறம் பழக்க தோஷத்துல, "இப்போ இது கேனன் இல்லைல்ல"ன்னு சேர்த்தான்.

ரூம்மேட் சிரிச்சுட்டான். "அப்போ டெத் ஸ்டார் நடந்துச்சா?"

அந்த விவாதம் அதோட எங்க மாடியில முடிஞ்சுது.

நான்தான் விடாம, "சரி, த்ரானோட முடிவு?"ன்னு கேட்டேன். ட்ரைலஜி கடைசியில, ஜெயிக்கப்போற நேரத்துல, ருக் பின்னாடி நின்னு அவனைக் குத்திடுவான். தன் ஜனங்களை ஏமாத்தினது அவனுக்குத் தெரிஞ்சுடும். எனக்கு அந்த முடிவு சுத்தமாப் பிடிக்கல. அவ்வளவு புத்திசாலியை இப்படியா கொல்றது, ரைட்டர் வேற வழி இல்லாம முடிச்சுட்டாருன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருந்தேன்.

"சரியாத்தான் முடிச்சிருக்காரு"ன்னான் அவன். "ஊர்ல இருக்கற எல்லா எதிரியோட ஓவியத்தையும் பார்த்தான். தினமும் பின்னாடி நிக்கறவன் மூஞ்சிய ஒரு நாள் பார்த்தானா? அடிமை என்ன பண்ணிடப் போறான்னு ஒரு நினைப்பு."

அவன் த்ரானைப் பத்தி மட்டும்தான் சொன்னான். எனக்குத்தான் அந்த 'உனக்குக் கஷ்டம்டா' ஞாபகம் வந்துச்சு. மூணு வருஷமா ஒரே ரூம். அவன் சூளையில இருந்தது எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்ல. நாலு நாள்ல படிச்சு முடிச்சேன்னு பெருமையாச் சொல்லிக்கிட்ட நான் அந்தப் புத்தகத்துல பாதியைத்தான் படிச்சிருக்கேன். ரெண்டரை மாசம் எடுத்துக்கிட்டவன்தான் முழுசாப் படிச்சான்.

அடுத்த வாரம் ரெண்டாவது புத்தகத்தை மறுபடி எடுத்து ஹோனோகர் அத்தியாயங்களை ஒரு வரி விடாமப் படிச்சேன். நல்லா எழுதியிருக்காரு. விண்வெளிச் சண்டையை விட நல்லாவே எழுதியிருக்காரு. மன்னிப்பும் கேட்டேன். "எதுக்குடா?"ன்னான். சொன்னேன். "ஓ, அதுவா"ன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டான். இதை எழுதட்டுமான்னு கேட்டதுக்கு மட்டும், "கணக்கு நோட்டு மேட்டரைக் கண்டிப்பா எழுது"ன்னான்.

இந்த வருஷத்தோட நாங்க கிளம்பறோம். மூணு புத்தகமும் இப்போ காமன் ரூம் ஷெல்ஃப்ல இருக்கு, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். அர்த்தம் தெரியலன்னா ஓரத்துல தாராளமா எழுதிக்கோங்க. முதல் புத்தகத்துல அம்பது பக்கம் வரைக்கும் ஓரத்துல பென்சில் அழிச்ச தடம் தெரியும். வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா சில வார்த்தைகளைப் படிக்கக்கூட முடியுது.