கேட்காத சத்தம்

உங்கள் வீட்டில், காரணமே இல்லாமல் உங்களுக்குப் பிடிக்காத அறை ஏதாவது உண்டா?

எங்கள் பழைய வாடகை வீட்டில் இருந்தது. பின்பக்கத்து அறை. அம்மா அங்கேதான் படுப்பார். குடிபோன இரண்டாவது வாரமே, "ராத்திரி யாரோ பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்குடா. நெஞ்சை அமுக்குது" என்றார். "எல்லாம் பிரமைம்மா, பேசாம தூங்கு" என்றேன். நான் பி.காம். லெட்ஜரில் ஏறாத எதையும் நம்பமாட்டேன். மறுபடி சொன்னபோது எரிந்து விழுந்தேன். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார்.

பல வருடம் கழித்து விக் டாண்டி என்ற பிரிட்டிஷ் என்ஜினீயரைப் பற்றிப் படித்தேன். மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில் வேலை. அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் பேய் உலவுவதாகப் பேச்சு. ஒருநாள் இரவு தனியாக இருந்தபோது டாண்டிக்கு உடம்பு சில்லிட்டது. ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம். திரும்பினால் காணோம்!

ஆசாமி வாள்சண்டை வீரரும்கூட. மறுநாள் தன் வாளைச் சரிசெய்ய வைஸில் மாட்டிவிட்டு, எண்ணெய் தேடிப் போனார். திரும்பி வந்தால், யாரும் தொடாமலே வாளின் நுனி வெடவெடவென்று ஆடிக்கொண்டிருக்கிறது.

நானாக இருந்தால் அன்றைக்கே ராஜினாமா. டாண்டி காரணம் தேடினார். கிடைத்தது, புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன்! அதன் சத்தம் விநாடிக்குச் சுமார் 19 அதிர்வு. பொதுவாக 20-க்குக் கீழே போனால் நம் காதுக்கு எட்டாது. அந்த அலை சுவரில் மோதித் திரும்பி, அறையின் நடுவில் உச்சத்தில் நின்றிருக்கிறது. ஃபேனை மாட்டியிருந்த விதத்தை மாற்றினார்கள். பேயும் காலி செய்துவிட்டது. 1998-ல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார் டாண்டி.

2003-ல் லண்டனில் ஒரு கச்சேரி. சுமார் 750 பேர். ஏழு மீட்டர் குழாய் ஒன்றை வைத்து, சில பாட்டுகளுக்கு அடியில் மட்டும் 17 ஹெர்ட்ஸ் சத்தத்தைக் கலந்துவிட்டார்கள். கேட்டவர்களில் சிலருக்குப் படபடப்பு, சிலருக்கு இனம்புரியாத சோகம், முதுகில் சிலிர்ப்பு.

உடனே வீட்டு ஃபேனைக் கழற்றக் கிளம்பிவிடாதீர்கள். 2009-ல் வெளியான இன்னொரு ஆய்வில், தனி அறை ஒன்றுக்குள் ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். பலருக்கு என்னென்னவோ தோன்றியது. ஆனால், அந்தச் சத்தம் இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'இங்கே ஏதாவது தோன்றலாம்' என்று முன்கூட்டிச் சொன்னதே போதுமானதாக இருந்திருக்கலாம் என்றார்கள்.

எங்கள் பின்பக்கத்து அறைக்கு வருகிறேன். அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு ஐஸ் கம்பெனி. விடிய விடிய மெஷின் ஓடும். அதுதான் காரணம் என்று அளந்து பார்க்காமல் சத்தியம் செய்யமாட்டேன். அளக்க அந்த வீடும் இப்போது இல்லை. இடித்து ஃப்ளாட் கட்டிவிட்டார்கள்.

டாண்டி கதையை அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பேயோ, மெஷினோ... அன்னிக்கு ஒரு ராத்திரி நீ வந்து அந்த ரூம்ல படுத்துப் பாத்திருக்கலாமேடா" என்றார்.

உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால், பிரமை என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால், தலையணையை எடுத்துக்கொண்டு ஒரு ராத்திரி அங்கே போய்ப் படுங்கள்.