கெழங்கு எதுக்குங்க?

அப்பாவுக்கு கவுட் வந்தால் கால் கட்டைவிரலில்தான் வரும். ராத்திரியில் போர்வை நுனி பட்டாலும் கத்திவிடுவார். அதற்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரை கோல்சிசின்; ஒன்றில் அரை மில்லிகிராம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கண்வலிக்கிழங்குல இருக்கற சரக்குதானே, காசு கொடுத்து ஏன் வாங்குறீங்க?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வினையே அதுதான்.

எனக்கு அந்தக் கொடி மேல் வெகுநாளாக ஆசை. அதன் பூதான் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதலாவது. மொட்டை மாடியில் ஒரு தொட்டியில் ஏற்றிவிட்டால் கண்ணுக்குப் பூவும் ஆச்சு, அப்பா காலுக்குப் பற்றுப் போட ஒரு துண்டுக் கிழங்கும் ஆச்சு என்று மனசு கணக்குப் போட்டது. பற்று என்று வெளியே சொன்னேனே தவிர, கஷாயம் என்கிற நினைப்பும் உள்ளே ஓடத்தான் செய்தது.

முதலில் நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். டப்பாவிலிருந்து காய்ந்த வில்லைகளை அள்ளிக் காகிதத்தில் கொட்டினார்கள். எந்த ஊர்ச் சரக்கு, எப்போது தோண்டியது, சுத்தி செய்ததா? எதற்கும் பதில் இல்லை. நறுக்கிக் காயவைத்துவிட்டால் எந்தக் கிழங்கு எதுவென்று என்னைப் போன்றவனுக்கு எப்படித் தெரியும்? காட்டில் தோண்டியதாக இருந்தால் அது வேறு பாவம். விதையில் முளைத்தால் பூக்கவே சில வருஷம் பிடிக்கிற கொடி இது. வாங்காமல் திரும்பிவிட்டேன்.

அப்புறம் தெரிந்தவர் மூலமாக மூலனூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். அந்த வட்டாரத்திலும் ஒட்டன்சத்திரம் பக்கமும் இதை வெள்ளாமையாகவே செய்கிறார்கள். கம்பி கட்டி, காய்ந்த மிளாறு ஊன்றி, அதில் கொடி ஏறியிருந்தது. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பிடித்துக்கொள்கிறது. காலை வெயில் ஏறுவதற்குள் பெண்கள் வரிசை வரிசையாகப் போய்ப் பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைத்தார்கள். ஒரு பூவை எனக்குக் காட்டினார்கள்: சூல்தண்டு அடியிலேயே செங்குத்தாக மடங்கி ஒதுங்கி நிற்கிறது, தன் மகரந்தம் தன் மேல் லேசில் படாதபடி. கையால் வைக்காவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது. காய்தான் காசு. விதை, மருந்துச் சாறு எடுக்கும் கம்பெனிகளுக்குப் போகிறது.

விவசாயி கேட்ட முதல் கேள்வி: "கெழங்கு எதுக்குங்க? பூவுக்கா, மருந்துக்கா?"

"பூவுக்குத்தான்."

"மருந்துக்குன்னா குடுக்கறதில்லீங்க. நாங்களே வெதைய வித்துப்போட்டு, கால் வலிச்சா மாத்திரைதானுங்க வாங்கறோம்."

கலப்பை போல இரண்டு கிளையாக இருந்த கிழங்கைக் கையில் கொடுத்தார். நுனியில் இருக்கும் முளை ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது என்றார். சேனை, சக்கரவள்ளி வைக்கிற இடத்தில் மட்டும் வைக்கவே கூடாது என்றும் சொன்னார்.

யாராவது மாற்றித் தோண்டித் தின்றுவிடுவார்களோ என்ற அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கிற நுண்ணிழைகளைக் கோல்சிசின் உருவாகவிடாமல் தடுக்கிறது. வேகமாகப் பெருகும் செல்கள்தான் முதலில் அடிபடும்: குடல் உட்சவ்வு, எலும்பு மஜ்ஜை, முடிவேர். வாந்தியும் பேதியும் அதனால்தான். பிழைத்தவர்களுக்குப் பிற்பாடு முடி கொட்டுவதும் அதனால்தான். அப்படித் தலைமுடி கொத்தாகக் கொட்டிய ஒரு கேஸை இலங்கை மருத்துவர் ஒருவர் 1966இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார். இதே வேதிப்பொருளை ஐரோப்பாவில் 1820இல், இதன் தாயாதியான கோல்ச்சிக்கம் செடியிலிருந்து பிரித்தார்கள். மாத்திரையில் அளவு அச்சிட்டிருக்கிறது. கிழங்கில் அது மண்ணுக்கு மண், கிழங்குக்குக் கிழங்கு மாறும்.

ஊரில் ஒரு சித்த மருத்துவரிடம் கஷாய ஆசையையும் சொல்லிப் பார்த்தேன். "சுத்தி செஞ்சாலும் விஷம் முழுசாப் போயிடாது தம்பி. நாங்களே பயந்து பயந்துதான் தொடுவோம். வீட்டுல அரைக்கிற சமாச்சாரமே இல்ல" என்றார். பரம்பரை வைத்தியம் என்றால் வீட்டு வைத்தியம் என்று எடுத்துக்கொள்கிறோம். விஷ மூலிகை விஷயத்தில் இரண்டும் ஒன்றல்ல என்பது என் கட்சி.

இப்போது மாடியில் கொடி இருக்கிறது. அப்பா மாத்திரைதான் சாப்பிடுகிறார். நீங்களும் வளர்க்கலாம், பயிர் செய்கிறவரிடமோ நர்சரியிலோ பெயர் கேட்டு, முளையோடு வாங்குங்கள். தொட்டியில் பெயர் எழுதி ஒட்டுங்கள். காய் வெடித்தால் விதை சிவப்பாக இருக்கும், குழந்தைகள் கை நீட்டும். வெடிக்கும் முன்பே பறித்துவிடுங்கள். யாராவது தின்றுவிட்டால் ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். வாந்தி வரவே பல மணி நேரம் ஆகலாம். இதற்கென்று தயாராக முறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் வைத்திருப்பதில்லை. உடனே 108ஐக் கூப்பிடுங்கள். செடியின் ஒரு துண்டையும் கையோடு எடுத்துப்போங்கள்.