உடைத்தவரிடமே சென்ற விமானம்

கையினாற் பூட்டுச் செய்து புகழ்பெற்ற ஊர் திண்டுக்கல். தேய்ந்து பழுதான பூட்டைத் திருத்துதல் அவ்வூர்க் கம்மியர்க்கு எளிது. வேண்டுமென்றே நொறுக்கிய பூட்டைத் திருத்துதலோ அரிது. அத்தகைய அருஞ்செயல் ஒன்று விமானத் தொழிலிலும் நிகழ்ந்தது.

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபொழுது, அமெரிக்கா பிரிட்டனுக்குக் கடனாக அளித்த 'லிபரேட்டர்' என்னும் குண்டுவீச்சு விமானங்கள் பல கான்பூரில் நின்றன. அவற்றை விலைக்கு வாங்குதல் வேண்டும். இன்றேல் திருப்பித் தருதல் வேண்டும். அதுவும் இன்றேல் அழித்தல் வேண்டும் என்பது உடன்படிக்கை. பிரிட்டிஷ் படையினர் அழித்தலையே மேற்கொண்டனர். கருவிகளை நொறுக்கினர், இயந்திரங்களில் மணலைக் கொட்டினர், உடலைக் கடப்பாரையாற் குத்தித் துளைத்தனர்.

1948-இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் அவற்றை மீட்க முற்பட்டனர். ஒருமுறை பறக்கும் அளவிற்குத் திருத்தியபின், ஜம்ஷெட் முன்ஷி என்னும் விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்குச் செலுத்தி வந்தார். நான்கு இயந்திரங்களும் 110 அடி அகலச் சிறகும் உடைய பெரிய விமானம் அது! எந்த இயந்திரத்தில் மணல் எஞ்சியது என்பது மேலே எழுந்த பின்னரே தெரியும். அவர்தம் துணிவை என்னென்பது!

பெங்களூரில் முற்றும் செப்பனிடப்பெற்ற ஏறத்தாழ 40 விமானங்கள் 1968 வரை இந்திய வான்படையிற் பணிபுரிந்தன. அதற்குள், 18,000-க்கு மேல் கட்டப்பெற்ற அவ்வினம் பிற நாடுகளிற் பெரிதும் அழிந்தொழிந்தது. ஆதலின் காட்சியகத்தார் இந்தியாவை நாடினர். ஒன்று தில்லிப் பாலம் காட்சியகத்தில் உள்ளது. மற்றொன்று 1974-இல், பிரிட்டிஷ் வான்படைக் காட்சியகத்திற்கு அன்பளிப்பாகத் தானே பறந்து சென்றது.