அட்டாலியிலிருந்து இறங்கிய லேப்டாப்

எங்கள் வீட்டு அட்டாலியில் பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் பெரியவளின் லேப்டாப் கிடந்தது. 2011-இல் தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவசமாய்க் கொடுக்கத் தொடங்கியதே, அந்தத் திட்டத்தில் 2016-இல் அவளுக்குக் கிடைத்தது. பழைய இரும்புக்காரருக்குப் போட மனசு வரவில்லை.

நான் சாயங்காலம் 6 மணிக்கு இன்டர்நெட் மூலம் ஹிந்தி ட்யூஷன் எடுக்கிறேன். ஆடி மாதத்திலிருந்து பாடம் நடக்கும்போதே லைன் போக ஆரம்பித்தது. இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளை நிறுத்தியே விட்டார்கள். லைன் கொடுத்தவர்களைக் கேட்டால், "எங்க பக்கம் சரியாத்தானுங்க இருக்குது" என்று பதில். எனக்குச் சந்தேகமெல்லாம் பாலிடெக்னிக் படிக்கும் சின்னவன் மேல்தான். சதா கேம்! ஒருநாள் கோபத்தில் அவன் போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டேன். "நான் ஒண்ணும் பண்ணலீங்கம்மா" என்றவன், அப்புறம் என்னோடு பேசவேயில்லை.

மூன்றாம் நாள் ஏணி போட்டு லேப்டாப்பை இறக்கினான். பாட்டரி உப்பியிருந்தது. அதைக் கழற்றித் தனியே வைத்தான். (உப்பிய பாட்டரியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்குபவரிடம்தான் கொடுக்க வேண்டும்.) விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டு, 'அப்டைம் கூமா' என்ற இலவசப் புரோகிராமை ஏற்றினான். அது நிமிஷத்துக்கு ஒரு தரம் ரூட்டரையும், வெளியே ஓர் இடத்தையும் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் பச்சைக் கோடு, வராவிட்டால் சிவப்பு. வெளியே மட்டும் சிவப்பென்றால் கோளாறு கம்பெனிப் பக்கம். ரூட்டரே பதில் சொல்லாவிட்டால் கோளாறு நம் வீட்டுக்குள்.

பத்து நாள் ஓடியது. செவ்வாய், வெள்ளி மட்டும் 6 மணிக்கு மேல் இரண்டு மூன்று சிவப்பு. அத்தனையும் ரூட்டர்!

செவ்வாயும் வெள்ளியும் அத்தை மாவாட்டும் நாள். ஆடியில் சமையலறைக்கு டைல்ஸ் போட்டபோது கிரைண்டரை ஹாலுக்குக் கொண்டுவந்து, ரூட்டர் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே செருகினோம். செருகியது வேறு யாருமில்லை, நான்தான். மோட்டார் கிளம்பும்போது கரண்டை ஒரேயடியாய் இழுக்கும். அந்த மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி, ரூட்டர் அணைந்து மறுபடி எழுந்திருக்கும். அத்தை மாவைத் தள்ளிவிட நிறுத்தி நிறுத்திப் போடுவார்களா, ஒவ்வொரு தடவையும் பாடம் அறுந்தது.

கிரைண்டரை வேறு பிளக்குக்கு மாற்றினேன். நின்ற குழந்தைகளில் ஒன்று திரும்பி வந்தது. லேப்டாப் ஃபிரிட்ஜ் பக்கத்தில் ராப்பகலாய் ஓடுகிறது. 20 வாட் என்று கணக்குப் போட்டாலும் நாளுக்கு அரை யூனிட்தான்.

அன்று ராத்திரி அரிசிபருப்பு சாதம் வைத்து, நெய் தாராளமாய் ஊற்றி, போனையும் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். "தப்பு என்மேலதான், கண்ணு" என்றேன். அவன் நிமிராமல், "இனிமே கேட்டுட்டுத் திட்டுங்கம்மா" என்றான்.