ஆஸ்திரேலியா எத்தனை பேரைத் தாங்கும்?

ஆஸ்திரேலியாவில் எத்தனை பேர் வாழமுடியும்? 1920களில் அந்த ஊர் அரசியல்வாதிகளைக் கேட்டிருந்தால் 10 கோடி, 20 கோடி என்று அடித்துவிட்டிருப்பார்கள். (வெள்ளையர் மட்டும்தான் வரலாம் என்பது தனிக்கதை!) கிரிஃபித் டெய்லர் என்ற புவியியல் பேராசிரியர் மட்டும் மழைக்கணக்கைப் பார்த்துவிட்டு, உள்நாடு முழுக்க வறண்ட நிலம், நூற்றாண்டு முடிவில் 2 கோடியைத் தொட்டாலே பெரிது என்றார். சும்மா விடுவார்களா? தேசப்பற்று இல்லாதவர் என்றார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் அவருடைய பாடநூலுக்குத் தடை. 1928ல் மனிதர் சிகாகோவுக்கே போய்விட்டார்.

2000ல் மக்கள்தொகை எவ்வளவு தெரியுமா? சுமார் 1.9 கோடி!

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இப்போது 2.7 கோடியைத் தாண்டிவிட்டது. பாலைவனம் அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் சோற்றுக்குப் பஞ்சமில்லை. விளைகிற கோதுமையில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. தட்டுப்பாடு வீட்டுக்குத்தான். கோவிட் முடிந்து எல்லையைத் திறந்ததும், 2022-23ல் மட்டும், வெளியேறியவர்களைக் கழித்தபிறகும் 5 லட்சத்துக்கு மேல் ஆட்கள் கூடினார்கள். விசாவை ஒரே வருடத்தில் கொடுத்துவிடலாம், அதே வேகத்தில் வீடு கட்டமுடியுமா? சிட்னியில் வாடகை ஏறினால் பழி மட்டும் நேற்று வந்திறங்கிய மாணவன் தலையில். அவன் கட்டுகிற ஃபீஸ் பல்கலைக்கழகங்களுக்கு இனிக்கத்தான் செய்கிறது. அவனுக்கு விசா கொடுப்பது மத்திய அரசு. வீட்டுமனை, ரயில், பள்ளிக்கூடம் எல்லாம் பெரும்பாலும் மாநிலத்தின் தலைவலி.